பின்பனி முடியும் நாள்: மாங்காட்டை முன்வைத்துச் சில துணிபுகள்

குளிர்நாட்டுக்காரர் பிப்ரவரி வந்தால் வசந்தத்துக்கு ஏங்குகிறார். மாங்காட்டுக்காரர் அது வந்து தொலைக்கப் போகிறதே என்று அஞ்சுகிறார். உலகத்துப் பருவ ஆராய்ச்சி முன்னவரின் ஏக்கத்துக்குக் கொடுத்த இடத்தைப் பின்னவரின் அச்சத்துக்குக் கொடுத்ததாகத் தெரியவில்லை. குன்றத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே உள்ள இந்த ஊரில் பின்பனி எந்த நாளோடு முடிகிறது என்பதை ஐயந்திரிபற நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் முன்னோர் கூற்று. பழந்தமிழ் இலக்கண மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்து, மாசியையும் பங்குனியையும் பின்பனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. சித்திரை, வைகாசி இளவேனில். இதை நம்பி, பங்குனி மாத நண்பகலில் குமணன்சாவடி பஸ் நிறுத்தத்தில் பனியை எதிர்பார்த்து நிற்பவரை நாம் தடுக்கப் போவதில்லை. ஏப்ரல் 24-ஐ ஒட்டிச் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வந்து நிற்கிறது. மே 4 வாக்கில் கத்திரி தொடங்குகிறது. இரண்டும் இளவேனிலுக்குள்தான் அடக்கம். உரையாசிரியர்கள் யாரும் சென்னையின் மேற்குப் புறநகரில் குடியிருக்கவில்லை என்று கொள்வதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

இந்திய வானிலைத் துறை சிக்கலை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டது. ஜனவரி, பிப்ரவரி குளிர்காலம்; மார்ச் முதல் மே முடியப் பருவமழைக்கு முந்தைய காலம். வசந்தம் என்ற பேச்சே கிடையாது. மாங்காட்டு அனுபவத்துக்கு இது நெருக்கமாக இருந்தாலும், பிப்ரவரி கடைசி நாள் நள்ளிரவில் குளிர் ரிலீவ் ஆகிப் போவதாகக் கருதுவது சற்று அதிகம்.

மூன்றாவது, வீட்டுப் பெரியவர்கள் கட்சி. சிவராத்திரியோடு குளிர் 'சிவசிவா' என்று போய்விடும் என்பது இவர்கள் துணிபு. மறுப்பு எளிது: 2024-இல் சிவராத்திரி மார்ச் 8, 2026-இல் பிப்ரவரி 15. இடையில் மூன்று வாரம். குளிர் திதி பார்த்துத்தான் கிளம்புகிறது என்று நிறுவினாலொழிய இது நிற்காது. ஆனால் இதை வீட்டில் சொல்லிப் பார்த்தவர்கள் யாரும் வென்றதில்லை.

அயல்நாட்டுச் சான்று ஒன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பங்ஸடானி என்ற ஊரில், 1887 முதல் பிப்ரவரி 2 அன்று கிரவுண்ட்ஹாக் என்னும் கொழுத்த பிராணி ஒன்றை வளையிலிருந்து வெளியே எடுத்துக் காட்டுகிறார்கள். அது தன் நிழலைக் கண்டால் குளிர் இன்னும் ஆறு வாரம். காணாவிட்டால் வசந்தம் சீக்கிரம். பாதிக்கு மேல் அதன் வாக்கு பொய்த்திருக்கிறது என்பது வேறு விஷயம். ஆறு வாரம் என்ற சொல்தான் நமக்கு முக்கியம். ஏனெனில் மாங்காடு காமாட்சியம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு வருவதாக வேண்டிக்கொள்வதே இங்கே வழக்கம். வெப்பத்தைத் தணிப்பதில் இத்தலத்துக்கு முன் அனுபவமும் உண்டு. அம்பாள் ஐந்து தீ நடுவே ஒற்றைக்காலில் தவமிருந்து காஞ்சிக்குப் போன பிறகும் அந்த வெம்மை ஊரை வாட்ட, ஆதிசங்கரர் அர்த்தமேருவை நிறுவித் தணித்தார் என்கிறது தலபுராணம்.

தை கடைசியில் வேண்டுதலைத் தொடங்கும் ஒருவர், தம்மையறியாமல் ஒரு பருவநிலை ஆய்வையும் தொடங்குகிறார். முதல் வாரம் பழக்காரம்மா, "எடுத்துக்கோ கண்ணு, நல்ல பழம்" என்று ஒன்று கூடவே போடுவார். மூன்றாம் வாரம் பழத்தை எண்ணித் தருவார். ஐந்தாம் வாரம் நாம் எண்ணிக்கொண்டிருக்கையில் அவர் நம் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். இதற்குள் தெருமுனையில் ஜூஸ் கடை முளைத்திருக்கும். குறை ஒன்று உண்டு: ஆந்திரத்துக் கூடூரிலோ நம் புளியங்குடியிலோ வரத்து குறைந்தாலும் விலை ஏறும், அதைக் குளிரின் முடிவாகக் கொள்ள இயலாது.

வெப்பமானியை ஏன் பார்க்கக் கூடாது என்று கேட்கலாம். மாநகரின் புகழ்பெற்ற வெப்பமானிகள் நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் இருக்கின்றன. மாங்காடு கடலைவிட்டுத் தள்ளி இருப்பதால் பனிக்கால இரவு இங்கே கூடுதலாகக் குளிரும். கடற்காற்று தாமதமாக வருவதால் பகல் கூடுதலாகக் கொதிக்கும். நுங்கம்பாக்கத்தில் 1905 ஜனவரி 29 அன்று 13.9 டிகிரி பதிவானது. அன்று மாங்காட்டார் எத்தனை போர்வை போர்த்தினார்கள் என்பதற்குக் குறிப்பு இல்லை.

ஆகவே நம்பத்தக்க கருவி ஒன்றே ஒன்று: ஃபேன் ரெகுலேட்டர். பூஜ்யம் முதல் ஐந்து வரை எண்ணிட்ட இக்கருவி வீட்டுக்கு வீடு உண்டு. மார்கழியில் ஒன்று. அதுவும் காற்றுக்காக அல்ல, கொசுவுக்காக. மாசி பிறந்ததும் கருத்து வேறுபாடு தொடங்குகிறது. இரவு பத்து மணிக்கு மருமகன் நான்கில் வைக்கிறார். பதினொன்றுக்கு ஆயா, "அத்த கொஞ்சம் கம்மி பண்ணும்மா, காலெல்லாம் இழுக்குது" என்கிறார். இரண்டு. பன்னிரண்டுக்குப் பேரன் வேர்த்து எழுந்து மூன்றில் வைக்கிறான். விடியற்காலை மூன்று மணிக்கு உண்மையாகவே குளிர்கிறது. யாரோ ஒருவர் இருட்டில் தடவிப் போய் ஒன்றுக்குத் திருப்புகிறார். யார் என்று காலையில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை.

இதிலிருந்து நம் வரையறை கிடைக்கிறது: விடியற்காலை மூன்று மணிக்கு யாருமே எழுந்து ரெகுலேட்டரைத் தொடாத முதல் இரவே பின்பனியின் கடைசி இரவு. துணைச் சான்றாக மறுநாள் மதியம் குழாயைத் திறக்கலாம். மொட்டைமாடி சின்டெக்ஸ் டேங்க்கிலிருந்து வரும் முதல் வாளி கையைச் சுட்டால் ஐயமே இல்லை. ஸ்வெட்டரையும் குரங்குக் குல்லாவையும் அந்துருண்டை போட்டுப் பரணில் ஏற்றிவிடலாம்.

சீக்கிரம் வசந்தம் வர வேண்டும் என்று இவ்வூரில் விரும்புவோர் உண்டா? தர்பூசணி வியாபாரியும் ஏசி மெக்கானிக்கும் விரும்பலாம். தலமரமான மாகூட விரும்பாது. குளிர்ந்த இரவு நீடித்தால்தான் அதற்குப் பூ கூடும்.

இந்த ஆய்வுமுறைக்கு ஒரே அச்சுறுத்தல், அண்மையில் வந்திருக்கும் ரிமோட் ஃபேன். சுவர் ரெகுலேட்டருக்கு எழுந்து நடக்க வேண்டும். உண்மையாகக் குளிர்ந்தாலொழிய யாரும் எழ மாட்டார்கள். ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பவரோ படுத்தபடியே பருவத்தை மாற்றிவிடுகிறார். அத்தகைய வீடுகளில் பின்பனி ஆயா கண்ணயரும் வரையில் நீடிப்பதாகவே இப்போதைக்குக் கணக்கில் கொள்ளலாம்.