நோயாளியின் ரகசியம்

கேள்வி: நல்ல கணினி ஒன்று வாங்கிவிட்டால் மருத்துவமனையில் நோயாளிகளின் விவரங்கள் பத்திரமாக இருக்கும் அல்லவா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: கணினிக்குப் பூட்டு உண்டு, அதை யார், எந்தக் காரியத்திற்காகத் திறக்கலாம் என்று விசாரிக்கும் மனம் அதற்கில்லை. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை, சிறுநீரகக் கோளாறை உரிய காலத்தில் உணர்த்தும் செயலியொன்றைப் பரீட்சிக்கும் பொருட்டு, சுமார் 16 லட்சம் நோயாளிகளின் விவரங்களை கூகுளைச் சேர்ந்த டீப்மைண்ட் நிறுவனத்திடம் ஒப்படைத்தபோது, நோக்கம் உத்தமமாகவே இருந்தது; சம்பந்தப்பட்ட நோயாளிகளுக்குத்தான் விஷயத்தைத் தக்கபடி தெரிவிக்கவில்லை. அது சட்டத்துக்கு முரண் என்று 2017-இல் பிரிட்டனின் தகவல் ஆணையர் முடிவு கூறினார். இத்தனைக்கும், 1997-இல் வெளியான பியோனா கால்டிகாட் அம்மையாரின் குழு அறிக்கையின் பயனாக, அந்நாட்டு அரசாங்க மருத்துவ ஸ்தாபனங்களில் நோயாளிகளின் ரகசியத்தைக் காப்பதற்கென்று ‘கால்டிகாட் காவலர்’ என்றொரு பதவியே ஏற்பட்டிருந்தது. (காவலர் இருக்கிற வீட்டில்தான் கதவைத் தாழிட மறப்பார்கள் போலும்!) ஆகவே கணினியைத் தாராளமாக வாங்குங்கள்; அதற்கு முன்னால், ‘கூடாது’ என்று முகத்துக்கு நேரே சொல்லத் துணிந்த ஒருவரை நியமித்து, அவர் பேச்சை நிர்வாகம் கேட்கும்படியும் செய்யுங்கள்.