பானை ஓட்டில் எழுதிய பெயர்

கேள்வி: பண்டைய ஏதென்ஸில் தலைவர்களை மக்களே ஊரைவிட்டுத் துரத்துவார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். வழக்கு, சாட்சி எதுவும் வேண்டாம். யார் கொடுங்கோலனாகிவிடுவாரோ என்று பயமோ, அவர் பெயரை உடைந்த பானை ஓட்டில் கீறிப் போடலாம். 6,000 ஓடுகள் சேர்ந்துவிட்டால், அதிகம் பெயர் விழுந்தவர் 10 ஆண்டுகள் வெளியே இருக்க வேண்டும். சொத்தும் குடியுரிமையும் அவருடையதே. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அந்த ஓடு கிடைக்கவில்லை என்பது பெரிய குறை. ஆனாலும் அதிகார வெறியை ரத்தம் சிந்தாமல் முளையிலேயே கிள்ளும் இந்த ஏற்பாட்டை மனதார மெச்சுகிறேன்.

கி.மு. 482இல் சிக்கியவர் அரிஸ்டைடீஸ். அவரை அடையாளம் தெரியாத, எழுதத் தெரியாத ஒருவர் அவரிடமே ஓட்டை நீட்டி, "அரிஸ்டைடீஸ் என்று எழுதிக் கொடுங்கள்" என்றாராம். அவர் என்ன தப்பு செய்தார்? ஒன்றுமில்லை, 'நேர்மையாளர்' என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டதாம்! அரிஸ்டைடீஸ் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார் என்கிறார் பண்டைய எழுத்தாளர் புளூட்டார்க். பாரசீகப் படை வந்ததும் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். வந்து சலாமிஸ் போரில் போரிட்டார்.

கள்ளத்தனமும் உண்டு. ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றுச் சரிவில் ஒரு கிணற்றில் கிடைத்த சுமார் 190 ஓடுகளில் தெமிஸ்டாக்கிளிஸ் என்ற இன்னொரு தலைவரின் பெயர். எல்லாம் ஒருசிலரின் கையெழுத்து. விநியோகிக்க முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள்!