யாளி போட்ட டி-ஷர்ட்

கேள்வி: நாலு வெள்ளை டி-ஷர்ட் சும்மா கிடக்கிறது. வீட்டிலேயே அழகாக்க வழி உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் ஊர்ப்பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயிலில் உருளையாகத் தொங்கும் தொம்பைத் துணிக்கும் விதானத்துக்கும் கலம்காரி ஓவியம் வரைகிறார்கள், 2021-இல் ‘கருப்பூர் கலம்காரி’ என்ற பெயரில் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. என்னைக் கேட்கிறீர்களே!

சரி, அதையே டி-ஷர்ட்டிலும் வரையலாம். கஞ்சி போகத் துவைத்து, கடுக்காய்ப் பொடி கலந்த பாலில் நனைத்துக் காயவையுங்கள். பால், மை பரவாமல் தடுக்கும். துருப்பிடித்த ஆணிகளை வெல்ல நீரில் பல நாள் ஊறப்போடுங்கள் (நாற்றத்துக்கு மாமியாரிடம் முன்ஜாமீன் வாங்கிவிடவும்). வடிகட்டிய நீரை மூங்கில் குச்சியால் தொட்டு வரைந்தால், கடுக்காய் ஏறிய துணியில் தானே கறுக்கும். பருத்தி மட்டும்தான், பாலியஸ்டர் இதற்கெல்லாம் மசியாது. உள்ளே அட்டை வைக்க மறந்தால், மார்பில் வரைந்த யாளி முதுகிலும் ஏறிக்கொள்ளும்.