ஐந்து இரவு, ஆறு பகல், ஒரு ராணுவம்

எங்கள் வீட்டில் பர்மா டூர் பேச்சை எடுத்தவர் மச்சான். புத்தர் மேல் திடீர்ப் பக்தி, சரித்திரத்தில் நாட்டம் என்றெல்லாம் எண்ணிவிடாதீர்கள். பாலித் தீவுக்குக் கேட்கும் காசில் பாதிக்குப் பர்மா முடிந்துவிடுகிறது என்று எவனோ யூடியூபில் சொல்லிவிட்டான். அரைப் பரீட்சை லீவுக்கு நான்கு டிக்கெட். என்னையும் இழுத்துக்கொண்டு தி.நகரில் ஒரு டூர் ஏஜென்டிடம் போனார். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கும் வாயூறியது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு கத்தப் போகிறேன். அப்போது யாரும் என்னை யோக்கியன் என்று தவறாக நினைத்துவிடக் கூடாது.

ஏஜென்ட் பளபளப்பான மடிதாளை விரித்தார். ஷ்வேடகோன் பொன் கோபுரம், பகானில் சூரியோதயம், இன்லே ஏரியில் ஒற்றைக் காலால் துடுப்புப் போடும் மீனவர். ஐந்து இரவு, ஆறு பகல். காலை உணவு உண்டு. நன்றாக இங்கிலீஷ் பேசும் இளம் கைடு உண்டு. அவன் படம்கூட ஓரத்தில் இருந்தது. கைலி கட்டி, கையில் குடையோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“அங்கே ராணுவ ஆட்சி, பொருளாதாரத் தடை எல்லாம் இருக்கிறதே?” என்றேன்.

“அதனாலதான் சார் ரேட்டு கம்மி.”

இந்த ஒரு வரிக்காகவே அந்த மனிதருக்கு ஒரு டாக்டர் பட்டம் கொடுக்கலாம். வாஷிங்டனிலும் பிரசல்சிலும் கோட்டு சூட்டுப் போட்டவர்கள் கண்டனம் எழுதி, தீர்மானம் போட்டு, பட்டியல் வெளியிட்டு, கால் நூற்றாண்டுக்கு மேல் பாடுபட்டது கடைசியில் தி.நகரில் ஆடித் தள்ளுபடியாக வந்து இறங்கியிருக்கிறது. ஊர் விலக்கு வைத்த வீட்டில் பந்தி காலியாகக் கிடக்கும். நமக்கு முதல் வரிசையில் இடம் கிடைக்கும்.

மடிதாளில் பகானுக்கு முழுப் பக்கம். ஐராவதி ஆற்றங்கரை, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்கள், 2019-ல் யுனெஸ்கோ அங்கீகாரம், மனிதச் சந்தடி இல்லாத பேரமைதி. அந்தப் பேரமைதி எங்கிருந்து வந்தது என்று மடிதாள் சொல்லவில்லை. 1990-ல் பழைய பகானில் கோயில்களுக்கு நடுவே குடியிருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, சில நாள் கெடு கொடுத்துக் கிளப்பினார்கள். சில கிலோமீட்டர் தள்ளி, நிலக்கடலை போட்டிருந்த காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் கடலைக்காட்டுக்குப் பெயர் புதிய பகான். இன்று உங்கள் சூரியோதயப் படத்தில் காயப்போட்ட ஒரு சேலைகூடக் குறுக்கே விழாமல் இருப்பது அந்தக் கெடுவின் உபயம்.

அதே 1990-ல் அங்கே தேர்தலும் நடந்தது. 485 இடங்களில் 392 இடங்களை ஆங் சான் சூச்சியின் கட்சி பிடித்தது. ஜெனரல்கள் முடிவைப் படித்துப் பார்த்துவிட்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் வசதியாக இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். மக்கள் வேண்டாம் என்றால் என்ன, வெளிநாட்டு விருந்தாளிகள் வருவார்களே! 1996-ஐ ‘மியான்மர் வருகை ஆண்டு’ என்று அறிவித்தார்கள். விருந்தாளி வருவதற்குமுன் வீட்டைக் கூட்ட வேண்டாமா? மாண்டலே அரண்மனை அகழியைத் தூர் வாரக் கைதிகளைக் காலில் சங்கிலியோடு இறக்கினார்கள். ஊர்க்காரர்களையும் வீட்டுக்கு இத்தனை ஆள் என்று கூலியில்லாமல் இறக்கினார்கள். அரண்மனை மதில் மேல் ஒரு பலகை. ராணுவமும் மக்களும் ஒத்துழைத்து, ஒன்றியத்துக்குத் தீங்கு செய்வோர் அனைவரையும் நசுக்க வேண்டும் என்று பர்மிய மொழியிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. சுற்றுலாப் பயணிகள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நல்வரவுப் பலகை என்று நினைத்திருப்பார்கள்.

அப்போது சூச்சி, வராதீர்கள், காத்திருங்கள் என்றார். மேல்நாட்டுப் பயணிகளுக்குப் பெரிய தர்மசங்கடம். அவர்களுக்காகவே ஒரு பிரபல வழிகாட்டி நூல் ‘போகலாமா?’ என்று ஒரு பகுதியே போட்டது. இரண்டு பக்க நியாயங்களையும் தராசில் வைத்து, முடிவை வாசகரிடமே விட்டது. அடுத்த சில நூறு பக்கங்களில் ஓட்டல் பட்டியல். கல்யாண மண்டபம் பார்த்து, பத்திரிகையும் அடித்துவிட்டுப் பெண்ணிடம் சம்மதம் கேட்பது நம் ஊர் வழக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

விமான நிலையத்திலும் தர்மசங்கடம் காத்திருந்தது. தனியாக வரும் வெளிநாட்டார் இறங்கியதுமே 300 டாலரை அரசாங்கத்திடம் நீட்டி, அரசு அச்சிட்ட ஒரு சீட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு அதை 200 ஆக்கினார்கள். 2003 வரை நடந்தது. மனசாட்சியை எங்கே வைத்திருந்தாலும் பர்ஸை அவர்கள் கையில் வைத்தால்தான் உள்ளே போக முடியும்.

இதையெல்லாம் சொன்னேன். ஏஜென்ட் பொறுமையாகக் கேட்டார். “அதெல்லாம் பழைய கதை சார். அரசியல் வேற, டூரிசம் வேற. உங்க காசு சாதாரண ஜனங்களுக்குத்தான் போகுது.”

சரி, புதுக் கதைக்கு வருவோம். 2021 பிப்ரவரி 1-ல் ராணுவத் தளபதி மின் ஆங் ஹ்லைங் சூச்சி கட்சியின் ஆட்சியைக் கவிழ்த்து, ஜெனரல்களின் நாற்காலியை மறுபடியும் இழுத்துப் போட்டுக்கொண்டார். விசாக் கட்டணம் அவருடைய அரசாங்கத்துக்கு. கோயில் மண்டல நுழைவுக் கட்டணமும் அப்படியே. ஓட்டல்காரருக்குப் போகும் டாலராவது அவரிடம் தங்குமா என்றால், 2022 ஏப்ரலில் ஓர் உத்தரவு வந்தது. நாட்டுக்குள் வரும் வெளிநாட்டுப் பணத்தை வங்கியில் கொடுத்து உள்ளூர் கியாட்டாக மாற்றிவிட வேண்டும். சில மாதத்தில் அரசு வைத்த விலை ஒரு டாலருக்கு 2,100 கியாட். வெளிச்சந்தையில் அதுபோல் இரண்டு மடங்குக்கு மேல் போன நாள்கள் உண்டு. நடுவில் இருக்கும் வித்தியாசம் யாருடைய விமானத்துக்கு எரிபொருள் என்று கேட்டுவிடாதீர்கள், அது அரசியல், நாம் டூரிசம்.

பகானில் குதிரைவண்டிக்காரர் கையில் நீங்கள் வைக்கும் டிப்ஸ் அவருக்குத்தான். மறுக்கவில்லை. அந்த டிப்ஸைக் கொடுக்கப் போய்ச் சேர்வதற்கு என்ன கொடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி.

சாயங்காலம் ஆற்றங்கரையில் ஒரு ‘மியான்மர் பீர்’ பேக்கேஜில் இலவசமாம். அந்த பீர், ராணுவம் நடத்தும் எம்.இ.எச்.எல். என்ற பெருநிறுவனம் பங்கு போட்ட சரக்கு. அமெரிக்காவும் பிரிட்டனும் 2021 மார்ச்சில் அந்த நிறுவனத்தைத் தடைப் பட்டியலில் வைத்தன. கூட்டாளியாக இருந்த ஜப்பானின் கிரின் கம்பெனி, ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த அதே வாரத்தில் கூட்டு வேண்டாம் என்று அறிவித்தது. அவ்வளவு ஏன், யாங்கோனில் கன்டெய்னர் துறைமுகம் கட்டப்போன அதானியே 2023-ல் அதை 3 கோடி டாலருக்குத் தள்ளிவிட்டுக் கிளம்பினார். அதானிக்கே கூச்சமோ கணக்கோ வந்து வெளியேறிய இடத்துக்கு மச்சான் உள்ளே போகத் துடிக்கிறார்.

‘போகலாமா என்று அந்த ஊர் மக்களையே கேட்க வேண்டும்’ என்று நியாயவான்கள் சொல்வார்கள். கேட்காமலே பதில் சொல்லிவிட்டார்கள் ஐயா. 2021-லேயே அந்த பீரைக் கடைக்காரர்கள் தெருவில் கொட்டினார்கள். ராணுவத்தின் மைடெல் சிம் கார்டை வெட்டி எறிந்தார்கள். லாட்டரிச் சீட்டு வாங்க மறுத்தார்கள். கரண்டு பில் கட்ட மறுத்தார்கள். மாண்டலே டாக்டர்கள் அரசு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து ஒத்துழையாமையைத் தொடங்கினார்கள். 2022-ல் தின்ஜான் என்னும் நீர்த் திருவிழாப் புத்தாண்டுக்கு அரசாங்கம் தண்ணீர்ப் பந்தல் போட்டு, மேடை கட்டி, பாட்டும் போட்டது, ஜனங்கள் வரவில்லை. வருடத்தில் ஒரு முறை வரும் திருவிழாவையே வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவர்கள் வாசலில் போய், ‘நான் வந்து தண்ணி ஊத்தி விளையாடட்டுமா?’ என்று கேட்க எத்தனை தோல் தடிமன் வேண்டும்!

திருவிழா என்றதும் நினைவுக்கு வருகிறது. மடிதாளின் பின்பக்கம் சிறப்புப் பருவங்கள் என்று இரண்டு போட்டிருந்தார்கள்: ஏப்ரலில் நீர்த் திருவிழா, அக்டோபரில் தீபத் திருவிழா. நல்லது. 2023 ஏப்ரல் 11, நீர்த் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு, சகாயிங் பகுதியில் பாஸிஜி என்ற கிராமத்தில் கூட்டம் கூடியிருந்தபோது விமானப்படை குண்டு போட்டது. நூற்றைம்பதுக்கும் மேல் சாவு, குழந்தைகளும் உண்டு. 2025 அக்டோபரில் தீபத் திருவிழா அன்று, அதே சகாயிங்கில் சவுங்-ஊ வட்டாரத்தில் மெழுகுவத்தி ஏந்தி நின்ற கூட்டத்தின் மேல் மோட்டார் பொருத்திய பாராசூட்டில் வந்து குண்டு போட்டார்கள். இருபது பேருக்கு மேல் செத்தார்கள். கடற்கரையில் அப்பாவும் பிள்ளையும் காசு கொடுத்துப் பறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்குவார்களே, அதே பாராசூட். உல்லாசத்துக்கும் ராணுவத்துக்கும் அங்கே ஒரே சாமான்.

இரண்டுக்கும் நடுவில், 2025 மார்ச் 28-ல் மாண்டலேயையும் சகாயிங்கையும் 7.7 அளவு பூகம்பம் புரட்டிப் போட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இடிபாட்டில் ஆள் தேடிக்கொண்டிருந்த நாள்களிலும் குண்டுவீச்சு நிற்கவில்லை.

“அப்ப தடை போட்டவங்கதான் யோக்கியமா?” என்றார் மச்சான். மச்சான் எப்போதாவது நல்ல கேள்வி கேட்பார். இல்லை மச்சான், அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள், அவ்வளவுதான். 1997-ல் அமெரிக்கா புது முதலீட்டுக்குத்தான் தடை போட்டது. ஏற்கெனவே பர்மாவின் யடானா எரிவாயுவில் கை நனைத்த அமெரிக்காவின் யூனோகால் கம்பெனி பழைய பாக்கியென்று தொடர்ந்தது. குழாய் போடும்போது ராணுவம் எங்களை அடிமை வேலை வாங்கியது என்று கிராமத்தார் அமெரிக்காவிலேயே வழக்குப் போட்டு, 2005-ல் சமரசப் பணம் வாங்கினார்கள். யூனோகாலை வாங்கிய செவ்ரான் 2024-ல்தான் பர்மாவை விட்டது. 2003-ல் இறக்குமதிக்குத் தடை போட்டபோது மட்டும் அது உடனே வேலை செய்தது: தையல் ஆலைகள் மூடி, பல்லாயிரம் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். குழாய்க்கு விலக்கு, ஊசிக்குத் தண்டனை. 2025 ஜூலையில் மின் ஆங் ஹ்லைங் அமெரிக்க அதிபர் டிரம்ப்பைப் புகழ்ந்து ஒரு கடிதம் எழுதினார். இரண்டு வாரத்தில் அவருடைய கூட்டாளிகள் சிலரின் பெயர் தடைப் பட்டியலிலிருந்து நீங்கியது. இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்றது அமெரிக்கா. நம் ஊரில் மந்திரி பிறந்தநாளுக்கு மாலை போட்ட மறுநாள் டெண்டர் கிடைப்பதற்கும் தொடர்பு இருப்பதில்லை.

நாம் மட்டும் என்ன? ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023-ல் கொடுத்த கணக்குப்படி, ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் அந்த ராணுவத்துக்கு விற்கப்பட்ட ஆயுதமும் தளவாடமும் 100 கோடி டாலருக்கு மேல். ரஷ்யாவும் சீனாவும் முன்னால். இந்திய நிறுவனங்களின் பங்கு 5 கோடியே 10 லட்சம் டாலர், அதில் அரசு நிறுவனமும் சேர்த்தி. நமக்கு முன்பே நம் தேசம் பர்மா டூர் முடித்துவிட்டது.

சூச்சியை நம்பியும் பயனில்லை. ராணுவம் விரட்டியடித்து, ரோஹிங்கியா முஸ்லிம்கள் ஏழு லட்சம் பேருக்கு மேல் வங்கதேசத்துக்கு ஓடிய பிறகு, 2019-ல் ஹேக் நகர நீதிமன்றத்தில் நின்று அவர் தம் நாட்டுக்காக, அதாவது அந்த ராணுவத்துக்காக, வாதாடினார். பதினான்கு மாதத்தில் அதே ராணுவம் அவரைப் பிடித்து உள்ளே வைத்து 33 வருடத் தண்டனை கொடுத்தது. பிறகு பெரிய மனசு பண்ணி 27 ஆக்கியது.

தமிழன் இதைப் படிக்கும்போது கொஞ்சம் கூச வேண்டும். 1964-ல் நெ வின் அரசு கடைகளைத் தேசியமயமாக்கி, 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாதாக்கியபோது, மூன்று தலைமுறை உழைப்பை ரங்கூன் துறையில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறியவர்கள் நம்மவர்கள். தாலியைக் கழற்றச் சொன்ன கதையைப் பாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சென்னை பர்மா பஜாரில் அந்தப் பெயர் இன்னும் தொங்குகிறது. பாட்டியிடம் பிடுங்கியது போதாதென்று பேரன் வரிசையில் நின்று தானே கொடுத்துவிட்டு வருகிறான், கூடவே ஒரு செல்ஃபி. இன்னொரு கூட்டமும் போயிற்று. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிச் சுற்றுலா விசாவில் கிளம்பி, எல்லை தாண்டி பர்மாவின் மியாவடியில் மோசடிக் கும்பல்களிடம் விற்கப்பட்ட பையன்கள். 2022-ல் மீட்டு வந்தவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் பேக்கேஜில் காலை உணவு இருந்ததா என்று விசாரிக்கவில்லை.

நான் போகவில்லை. போகாததால் எந்த ஜெனரலுக்கும் ஒரு வேளைச் சோறு குறையாது. அது எனக்கும் தெரியும். அவர் சாப்பாட்டுக்கு நான் மொய் எழுத மாட்டேன், அவ்வளவுதான். மச்சான் போகிறார். முன்பணம் கட்டிவிட்டார், திரும்பக் கிடைக்காதாம்.

கிளம்பும்போது மடிதாளின் ஓரத்தில் இருந்த கைடு பையன் கண்ணில் பட்டான். 2024 பிப்ரவரியில் அங்கே கட்டாய ராணுவச் சேவையை அமலுக்குக் கொண்டுவந்தார்கள்; ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. பையன்கள் நாட்டை விட்டு ஓட ஆரம்பித்ததும், மே மாதம், ஆண்கள் வெளிநாட்டு வேலைக்குப் போக அனுமதி கொடுப்பதை நிறுத்தினார்கள்.

“இந்தத் தம்பிதான் வருவாரா?” என்று கேட்டேன்.

“ஆள் மாறிட்டாரு சார். இப்ப ஒரு பெரியவர் வர்றாரு. அம்பத்தெட்டு வயசு, நல்ல அனுபவம்.”

பேக்கேஜ் விலையில் மாற்றமில்லை.