நிலாவாரைச் செடி டெல்லிக்கு எழுதும் விண்ணப்பம்

அனுப்புநர்:
நிலாவாரை,
மானாவாரிக் காடு,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
மாண்புமிகு ஆயுஷ் அமைச்சகம்,
புது டெல்லி.

பொருள்: என் பெயரைக் கெடுக்கும் டப்பாக்கள் மீது நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. தாங்கள் 2018 டிசம்பரில் கொண்டுவந்த விதி 170. 2. அதே விதியை நீக்கி 01.07.2024 அன்று தாங்களே விட்ட அறிவிக்கை.

ஐயா / அம்மா,

வணக்கம். செடி மனு எழுதுமா என்று தாங்கள் யோசிக்க வேண்டாம். நாட்டில் ஓடும் விளம்பரங்களில் செடிகள் புற்றுநோயை விரட்டுகின்றன. வழுக்கையில் முடி நடுகின்றன. இன்சுலின் ஊசியைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்புகின்றன. இத்தனையும் செய்கிறவர்களுக்கு ஒரு மனு எழுதுவதா பெரிய காரியம்?

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பூர்வீகம் அரேபியா, செங்கடல் பக்கம். கடல் கடந்து வந்து திருநெல்வேலிச் சீமையின் வறண்ட மண்ணில் ஒட்டிக்கொண்டேன். இலையையும் காயையும் பறித்து உலர்த்தி, சிப்பம் கட்டித் தூத்துக்குடியில் கப்பலேற்றுகிறார்கள். ஐரோப்பிய மருந்து வணிகத்தில் இன்றைக்கும் என் பெயர் ‘டின்னவெல்லி சென்னா’தான். 1986இல் மாவட்டத்தைப் பிரித்த செய்தி அவர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

என் தொழில் ஒன்றே ஒன்று: மலச்சிக்கலை நீக்குவது. என் இலையில் இருக்கும் சென்னோசைடுகள் வயிற்றிலும் சிறுகுடலிலும் சும்மா இருந்துவிட்டு, பெருங்குடலுக்குப் போய், அங்கே குடியிருக்கும் பாக்டீரியா கைவைத்த பிறகுதான் விழித்துக்கொள்ளும். அதனால்தான் ராத்திரி சாப்பிட்டால் விடிந்து வேலை செய்கிறேன். ‘கெமிக்கல் இல்லாதது’ என்று என் படத்துக்குக் கீழே அச்சடிக்கிறார்கள். அந்தக் கெமிக்கலை எடுத்துவிட்டால் நான் வெறும் சருகு.

விருந்து வீட்டில் எடுத்துச் சொல்லக்கூடிய உத்தியோகம் இல்லைதான். ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. சில ஆங்கில மருத்துவர்கள் சென்னோசைடு மாத்திரையாக என்னை எழுதிக் கொடுத்துவிட்டு, அதே மூச்சில் “இந்த இலை தழையெல்லாம் சாப்பிடாதீங்க” என்கிறார்கள். அதற்குத் தனி மனு போட வேண்டும். அதைத் தங்களுக்கு அனுப்பிப் பயனில்லை.

இப்போது என் குறைக்கு வருகிறேன். என்னை ‘ஸ்லிம் டீ’ ஆக்கிவிட்டார்கள். சில டப்பாவில் ‘டீடாக்ஸ் டீ’. டப்பாவின் முன்பக்கம் ரோஜா இதழ், எலுமிச்சைத் துண்டு, இடுப்பில் அளவு டேப்பைச் சுற்றிக்கொண்டு சிரிக்கும் பெண். பின்பக்கம் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால் சேர்மானப் பட்டியலில் நான் இருப்பேன். ரோஜாவுக்கு முன்பக்கம், எனக்குப் பின்பக்கம். தொழிலுக்குப் பொருத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் கழிவறைக்கு ஓட வைப்பது நான், புகழ் ரோஜாவுக்கு.

இதில் உடம்பு இளைக்கிறதா? தாங்களே சொல்லுங்கள். தின்ற பரோட்டாவின் சத்தைப் பெரும்பாலும் சிறுகுடலே உறிஞ்சி முடித்துவிடுகிறது. என் வேலை அதற்குப் பிறகு, பெருங்குடலில். நான் போய்ச் சேரும்போது பந்தி முடிந்து இலை எடுத்தாயிற்று. காலையில் எடை பார்க்கும் இயந்திரம் குறைத்துக் காட்டுவது தண்ணீரை. இரண்டு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும். திரும்பி வரத் தாமதமாவது பொட்டாசியம். மாதக்கணக்கில் என்னைத் தினமும் குடித்தால் அது உடம்பிலிருந்து இறங்கிக்கொண்டே போகும். தசை தளரும், நெஞ்சு தாளம் தவறும். இதய நோய்க்கு டிகாக்சின் சாப்பிடுகிறவரும், நீர் பிரிய மாத்திரை எடுக்கிறவரும் இந்த டீயைக் குடித்தால் ஆபத்து இன்னும் கிட்டத்தில். டப்பாவில் இதற்கு இடம் போதவில்லையாம். ரோஜா பெரிய பூ.

‘உடம்பில் சேர்ந்த நச்சை வெளியேற்றும்’ என்றும் எழுதுகிறார்கள். எந்த நச்சு, என்ன பெயர், எத்தனை மில்லிகிராம் என்று கேட்டால் பதில் வராது. முன்பு பாட்டிமார் பிள்ளைகளை எப்போதாவது பிடித்து உட்காரவைத்து விளக்கெண்ணெய் புகட்டினார்கள். அன்றைக்கு ரசஞ்சோறு, வெயிலில் இறங்கக் கூடாது, அவ்வளவுதான். அந்தப் பேதியைத் தினசரித் தேநீராக்கி, மாதச் சந்தாவுக்கு விற்கும் யோசனை எந்தப் பாட்டிக்கும் வரவில்லை. எம்.பி.ஏ. படிக்காத குறை.

என் உண்மையான வேலை நடக்கும் இடத்தைத் தங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் வார்டு. அங்கே வின்கிரிஸ்டின் என்ற ஊசி மருந்து போடுகிறார்கள். அது நித்தியகல்யாணி அக்காவிடமிருந்து வருவது. ஊரில் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கி வைத்திருந்தார்களே, அவளேதான். மடகாஸ்கர்க்காரி, என்னைப் போலவே தென்தமிழ்நாட்டு வறண்ட காட்டில் பயிராகிறாள். அவள் தரும் மருந்து புற்றணுவைப் பிரியவிடாமல் தடுக்கும். கூடவே குடலின் நரம்பையும் மந்தமாக்கி மலத்தைக் கட்டிவிடும். அந்தக் கட்டை இளக்க என்னைக் கொடுப்பதுண்டு. பக்கத்துப் பக்கத்துக் காட்டில் விளைந்த இரண்டு செடிகள் ஒரே குழந்தையின் உடம்பில் வேலை பார்க்கிறோம். எங்கள் இருவர் படமும் அந்த வார்டுச் சுவரில் கிடையாது. ‘100% நேச்சுரல்’ என்றும் யாரும் எழுதவில்லை. எழுதியிருப்பதெல்லாம் அளவுதான். பெரிய ஆளுக்கும் அக்கா ஒரு தவணைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்த ஊசியைத் தவறித் தண்டுவடத்தில் போட்டால் பெரும்பாலும் மரணம்தான்.

அக்கா இந்த வேலைக்கு வந்த கதையும் தங்கள் அமைச்சகம் அறியத்தக்கது. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு அவள் இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். 1950களில் அந்த இலை கனடாவுக்குப் போனது. ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்று இரண்டு விஞ்ஞானிகள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை அசையவில்லை. வெள்ளை அணுக்கள்தான் சரிந்தன. ‘சர்க்கரைக்கு ஆகாது’ என்று மூடிவைக்காமல், அணுக்கள் ஏன் சரிந்தன என்று துருவினார்கள். 1958இல் வின்பிளாஸ்டின் வெளிவந்தது, பின்னாலேயே வின்கிரிஸ்டின். இன்றைக்கு நம் ஊரில் கைப்பேசியைத் திறந்தால் என்ன ஓடுகிறது? நித்தியகல்யாணிப் பூவைக் கொதிக்கவிட்டுக் குடித்தால் சுகர் பறந்துவிடும் என்கிறார் ஒருவர். எழுபது வருடம் முன்பு எலியிடம் தோற்ற வேலைக்கே அக்காவை மறுபடி இழுக்கிறார்கள். ஜெயித்த வேலை எது என்று அவருக்குத் தெரியாது. வெள்ளை அணுவைச் சரிக்கும் செடி அது என்பதும் தெரியாது.

கீழாநெல்லியையும் சொல்ல வேண்டும். காமாலைக்கு அவளை அரைத்து மோரில் கொடுப்பது நம் வழக்கம். குடிநீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கும்; பேர் அவளுக்குப் போகும். ஆனால் அவள் பரீட்சைக்கும் போனவள். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கொடுத்து, போலி மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டு, சென்னையைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 1988இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது என்பது முடிவு. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதில் அவளுக்கு அவமானம் ஒன்றும் இல்லை. எங்கள் சாதிசனத்தில் அவள்மேல் எனக்குத் தனி மரியாதை. விளம்பரத்துக்குப் போகும் முன் சோதனைக்குப் போனாள்.

நிலவேம்புத் தம்பிக்கு அந்த வாய்ப்பைச் சரியாகக் கொடுக்கவில்லை. டெங்குக் காலத்தில் ஒன்பது சரக்கு சேர்த்த அவன் குடிநீரைத் தமிழ்நாட்டில் அண்டா அண்டாவாகக் காய்ச்சி ஊற்றினார்கள். குடித்தவர், குடிக்காதவர், யாருக்குக் காய்ச்சல் வந்தது, யாருக்குத் தட்டணு இறங்கியது என்று பெரிய அளவில் ஒப்பிட்டு எழுதிவைக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் எது? 2017இல் அவனைப் பற்றி நடந்தது ட்விட்டர் சண்டை. ஒரு நடிகர் ஆராய்ச்சி முடியட்டும் என்றார். தமிழ் மருத்துவத்துக்கே துரோகம் என்றார்கள். தம்பி பாவம், இரண்டு பக்கமும் திட்டு வாங்கிவிட்டு, வாங்க வேண்டிய மதிப்பெண்ணை வாங்காமலே நிற்கிறான்.

‘மூலிகைக்குப் பக்கவிளைவு கிடையாது’ என்கிறார்களே, அதற்கு பிரஸ்ஸல்ஸ் நகரத்துச் சங்கதி ஒன்று. 1990களின் தொடக்கத்தில் அங்கே ஒரு மருத்துவ நிலையத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை கொடுத்தார்கள். பெயர்க் குழப்பத்தில் ஒரு வேருக்குப் பதில் இன்னொரு வேர் வந்து சேர்ந்தது. வந்தது அரிஸ்டோலோக்கியா இனம். நம் ஊர் ஈஸ்வரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் அந்தக் குடும்பம்தான். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. பலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது. இளைக்க வந்தவர்கள், நோயாளிகள்கூட இல்லை.

2021இல் மும்பைக் கல்லீரல் மருத்துவர்கள் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதினார்கள். திசைதிருப்பும் செய்தி, அவர்கள் சாப்பிட்டது சீந்திலைப் போன்ற வேறு கொடியாக இருக்கலாம் என்று தாங்கள் விளக்கம் கொடுத்தீர்கள். அடியேனும் அதைத்தான் கேட்கிறேன். உள்ளே இருப்பது சீந்திலா, அதன் சித்தப்பா மகனா என்று காசு கொடுத்து வாங்கியவர் எப்படிக் கண்டுபிடிப்பது? அதைப் பார்த்துச் சொல்லத்தான் தங்களுக்கு அமைச்சகமே கொடுத்திருக்கிறது.

பாரம்பரியம் என்று சொன்னால் தாங்கள் இளகிவிடுகிறீர்கள். எனக்கும் பாரம்பரியம் தெரியும். நல்ல சித்த வைத்தியர் நாடி பார்ப்பார், கழஞ்சு கணக்கில் நிறுப்பார், சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொட விடமாட்டார். தேனில் குழைப்பதா நெய்யிலா என்று அனுபானம் சொல்வார். புளி தள்ளு, மீன் தள்ளு என்று பத்தியம் போடுவார். எத்தனை நாள், எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் அவர் கணக்கில் இருக்கும். டப்பாக்காரர் இந்த நிறுவை, சுத்தி, அனுபானம், பத்தியம், நாள்கணக்கு எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்சமிருக்கும் தாடியை மட்டும் எடுத்து அட்டையில் போட்டிருக்கிறார்.

இனி, பார்வையில் கண்டவை. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்கு முன் அனுமதி பெறாமல் விளம்பரம் கூடாது என்று 2018இல் விதி 170 போட்டீர்கள். நாங்கள் காட்டில் தலையாட்டி மகிழ்ந்தோம். 2023 ஆகஸ்டில், அந்த விதியின்படி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று மாநிலங்களுக்குக் கடிதம் போட்டீர்கள். 2024 ஜூலையில் விதியையே எடுத்தீர்கள். அடுத்த மாதமே, தவறான விளம்பரங்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்துக்குத் தடை போட்டது. 2025 ஆகஸ்டில் அந்த வழக்கு முடிந்தபோது தடையும் போயிற்று. என் பேதிகூட இவ்வளவு சீராக ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதில்லை. இடையில் அதே வழக்கில் சிக்கிய ஒரு பெரிய நிறுவனம் செய்தித்தாளில் மன்னிப்பு விளம்பரம் வெளியிட்டது. வழக்கமான விளம்பர அளவில்தான் வெளியிட்டீர்களா என்று நீதிபதிகள் கேட்டார்கள். பூதக்கண்ணாடி தேவைப்படுவது என் பின்பக்கத்துக்கு மட்டும் அல்ல என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரச் சட்டம் இன்னும் இருக்கிறது. குணமாக்குவதாக விளம்பரம் செய்யக்கூடாத 54 நோய்கள் அதன் அட்டவணையில் உண்டு. சர்க்கரை நோய், புற்றுநோய், உடல் பருமன் மூன்றும் அதில் அடக்கம். அதனால்தான் டப்பாவில் ‘உடல் பருமன்’ என்று எழுதாமல் ‘ஸ்லிம்’ என்று எழுதி, மருந்து உரிமத்துக்குப் பதில் உணவு உரிம எண்ணைப் போட்டுக்கொள்கிறார்கள். 14 இலக்க எண்ணைப் பார்த்து, அரசாங்கமே சோதித்துவிட்டது என்று வாங்குகிறவர் நம்புகிறார்.

ஆகவே, கீழ்க்கண்டவற்றை ஆவன செய்யக் கோருகிறேன். விதி 170ஐத் திரும்பக் கொண்டுவாருங்கள். இந்த முறை அதோடு பல்லையும் கொண்டுவாருங்கள். நான் இருக்கும் எந்தப் பொட்டலமானாலும், தேநீரானாலும், என் பெயரும் அளவும் ‘இது பேதி மருந்து’ என்ற எச்சரிக்கையும் முன்பக்கத்தில் ரோஜா அளவுக்கு வரட்டும். நிலவேம்பையும் சீந்திலையும் நேர்மையான சோதனைக்கு அனுப்பி, ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவைத் தமிழிலும் வெளியிடுங்கள். தோற்ற செடிகளை நாங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறோம். ரசத்துக்கோ துவையலுக்கோ ஆகும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நிலாவாரை

பின்குறிப்பு: இதைப் படிக்கும் பொதுமக்களுக்கு. மலச்சிக்கலுக்கு என்னை ராத்திரி, சொன்ன அளவு மட்டும் எடுங்கள். ஒரு வாரம் தாண்டியும் நான் தேவைப்பட்டால், என்னை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். காரணம் தெரியாத வயிற்று வலி இருந்தால் என்னைத் தொடவே வேண்டாம்.