வேப்பங்கொட்டை அண்டா

ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும். கொட்டை பொறுக்கி வந்தால் அப்பாயி படிக்குக் கால் ரூபாய் தருவாள். காக்கை தின்று துப்பிய கொட்டை என்றால் அவளுக்குத் தனிச் சந்தோஷம், கழுவுகிற வேலை மிச்சம். உலர்த்தி, உடைத்து, பருப்பை உரலில் இடித்து, பழைய வேட்டியில் மூட்டை கட்டிப் பித்தளை அண்டாத் தண்ணீரில் ராத்திரி முழுக்கப் போட்டுவைப்பாள். விடியற்காலை பிழிந்தால் மோர் மாதிரி இறங்கும். அதுதான் பயிருக்கு மருந்து. நாற்றம் மூன்று நாளைக்குக் கையை விடாது. காலேஜில் சேர்ந்த வருஷம் அதற்கு வெட்கப்பட்டு, டவுனிலிருந்து மருந்து பாட்டில் வாங்கிவந்து அண்டாவைக் கவிழ்த்தவன் நான்தான்.

1994-ல் வேப்பெண்ணெயால் பயிர்ப் பூசணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, அமெரிக்க வேளாண் துறைக்கும் டபிள்யூ.ஆர்.கிரேஸ் கம்பெனிக்கும் ஐரோப்பாவில் காப்புரிமை கிடைத்தது. சூழலியலாளர் வந்தனா சிவாவும் மற்றவர்களும் எதிர்த்து நின்றார்கள். 2000-ல் அது ரத்தானது. மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடி. இந்திய விவசாயிக்கு முன்பே தெரிந்த சங்கதி என்று மூனிக் காப்புரிமை அலுவலகத்தில் வாதாடிக்கொண்டிருந்த நாளில், எங்கள் வீட்டில் அது எவனுக்கும் தெரியாமல் போயிருந்தது. தீர்ப்புச் செய்தியை டீக்கடையில் நான்தான் உரக்க வாசித்தேன். காலடியில் கம்பெனி மருந்து நிரப்பிய தெளிப்பான்.

போன சம்பாவில் உறை அழுகல். கதிர் பாதி வெளியே, பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. உறையைப் பிரித்தால் உள்ளே மாவு தூவினாற்போல் பூசணம். பார்க்க வந்த வேளாண் அலுவலர், என் மகள் வயசுப் பெண், பொறுமையாகச் சொன்னாள்:

"அஞ்சு கிலோ வேப்பம்பருப்ப இடிச்சு, பத்து லிட்டர் தண்ணியில ராத்திரி ஊறவையுங்க ஐயா. வடிகட்டி நூறு லிட்டராக்கி, காதி சோப்பு கரைச்சுச் சாயங்காலமா அடிங்க. வெயில் பட்டா வீரியம் போயிடும். எழுதிக்கிறீங்களா?"

எழுதிக்கொண்டேன்.

வேம்பு கிடைக்காவிட்டால் நெய்வேலிக் காட்டாமணக்கு, இல்லையேல் சீமைக்கருவேல் இலைப்பொடி, ஹெக்டேருக்கு 25 கிலோ, சாறு எடுத்து அடிக்கலாமாம். முன்னது வாய்க்காலை அடைக்கிறதென்று வருஷாவருஷம் வெட்டி எரிப்பது. பின்னதைக் கோர்ட்டு உத்தரவு போட்டு ஜேசிபியால் பிடுங்கினார்கள். என் வரப்பில் கூலி கொடுத்துப் பிடுங்கியவன் நான்.

வேப்பங்கொட்டை எப்படியோ கிடைத்தது, கிலோ கணக்கில், காசுக்கு. ஊறப்போட அண்டா இல்லை. எப்போதோ பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டாயிற்று. மருந்துக்கடைக்காரர் தீபாவளிக்கு இனாமாகக் கொடுத்த பிளாஸ்டிக் வாளி இருந்தது. அதில்தான் ஊறியது. வாளியில் கம்பெனி பெயர் இன்னும் அழியவில்லை.