மோட்டார் சாவியும் மன்கட் எடுத்த ரன்னும்

எனக்கு வெற்றிலை, சீட்டாட்டம் எதுவும் கிடையாது. புள்ளிவிவரம் ஒன்றுதான் கெட்ட பழக்கம். கிரிக்கெட்டில் யாராவது வருஷத்தையோ ரன்னையோ தப்பாகச் சொன்னால் உடம்பு நமநமவென்று அரிக்கும். தி.நகர் சத்திரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஸ்ரீகாந்த் எடுத்தது 38தான், நாற்பது இல்லை என்று பக்கத்து இலைக்காரருக்குப் புரியவைத்து நிமிர்ந்தேன். எனக்குச் சாம்பார் வராமலே ரசம் வந்துவிட்டது.

"ஊரார் தப்பையெல்லாம் திருத்துங்கோ. நம்ம வாஷ்பேசின் குழாய் மட்டும் ஒழுகட்டும்" என்பாள் என் மனைவி.

லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை என்று பெயர். பாதி நேரம் பெஞ்சில்தான். 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் அஸ்வின், பந்து போடுமுன் கோட்டை விட்டு நகர்ந்த பட்லரை ரன் அவுட் செய்தாரே, மறுநாள் எங்கள் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. மேற்கு மாம்பலத்துப் பிள்ளை தப்பு செய்யமாட்டான் என்று ஒரு கட்சி. சட்டம் சரி சார், பண்பு எங்கே போச்சு என்று இன்னொரு கட்சி. நான் விதி எண் சொல்லும் கட்சி. அதில் நான் ஒருவனே உறுப்பினர். விதி 41.16 என்றேன். 1947 டிசம்பரில் சிட்னியில் வினூ மன்கட் இப்படித்தான் பில் பிரவுனை வீழ்த்தினார், பிராட்மனே தன் சுயசரிதையில் மன்கட் பக்கம்தான் பேசியிருக்கிறார் என்றேன். முடித்துவிட்டுப் பார்த்தால் பெஞ்சில் ஒருவர்தான் மிச்சம். அவரும் காது மெஷினைக் கழற்றிப் பையில் போட்டிருந்தார்.

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே தீர்ப்பு சொன்னாள்: "கபாலி கோயில்ல திரை விலகறதுக்கு முன்னாடியே முன்னால நகர்றவனைப் பிடிச்சு வரிசைக் கடைசிக்கு அனுப்பினா அதுல என்ன பாவம்?" எம்.சி.சி. 2022 அக்டோபரில்தான் அந்த விதியை 'நியாயமற்ற ஆட்டம்' என்ற 41இலிருந்து எடுத்து, 'ரன் அவுட்' என்ற 38இல் சேர்த்தது. இவளைக் கேட்டிருந்தால் மூன்று வருஷம் மிச்சமாகியிருக்கும்.

வினை இந்த மன்கட் வழியாகத்தான் வந்தது. கீழ் வீட்டு மாமா ஒரு சாயங்காலம் மாடிப்படியில் நின்று, "மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிரா 413 அடிச்சதை நான் சேப்பாக்கத்துல பார்த்தேன். அப்பா தோள்ல தூக்கிண்டு போனார்" என்றார்.

நல்ல மனுஷனாக இருந்தால், "அப்படியா மாமா!" என்று மாடி ஏறியிருக்க வேண்டும். எனக்கு அரிப்பு. அந்த 413 அடித்தது 1956 ஜனவரியில், சென்ட்ரலுக்குப் பின்னால் இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். மன்கட் 231, ராய் 173. 231ஐத் தாண்ட 1983 டிசம்பரில் கவாஸ்கர் 236 அடிக்க வேண்டியிருந்தது, அதுதான் சேப்பாக்கம். சென்னை டெஸ்ட் சேப்பாக்கத்துக்குத் திரும்பியதே 1967இல். எல்லாவற்றையும் படியிலேயே ஒப்பித்தேன். பரணிலிருந்து பழைய புத்தகத்தையும் இறக்கி, தூசு தட்டி நீட்டினேன்.

மாமா அதைத் தொடவில்லை. "நீ படிச்சே. நான் பார்த்தேன்" என்றார். "1986 டை மேட்ச்ல மணிந்தர், பந்து மட்டையில பட்டதுன்னார். அம்பயர் விக்ரம்ராஜு எல்.பி. கொடுத்தார். நேர்ல நின்ன ரெண்டு பேருக்கே ஒத்துப்போகலை. புஸ்தகம் என்ன சொல்லும்?"

அப்படியானால் நேரில் பார்த்தவர் பேச்சுதானே செல்லாது என்று கேட்டேன். கதவு சாத்தப்பட்டது.

அடையாற்றில் இருக்கும் மச்சினனுக்குப் போன் போட்டேன். ஹைகோர்ட் வக்கீல். நேர்சாட்சி பெரிதா, ஆவணம் பெரிதா என்றேன். "2024 ஜூலை 1லேர்ந்து சாட்சியச் சட்டமே மாறி பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்துடுத்து அத்திம்பேர். எதுலயும் நீங்கதான் ஜெயிப்பேள். ஆனா ஒண்ணு, மோட்டார் சாவி யார்கிட்ட இருக்கு?"

மாமாதான் எங்கள் அசோசியேஷன் செயலாளர்.

மறுநாள் காலை ஷவரில் காற்று வந்தது. சம்ப்பில் தண்ணீர் தளும்ப, மேல் தொட்டி காய்ந்து கிடந்தது. மாமா வாசலில் ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விளையாட்டுப் பக்கம்கூட இல்லை, ராசிபலன். தலையில் எண்ணெயோடு நின்ற என் மனைவி, "சேப்பாக்கம்னே சொல்லிட்டு வாங்கோ. இன்னிக்கு வெள்ளிக்கிழமை" என்றாள்.

மறுபடி மச்சினன். "உரிமைக்குப் பாதகமின்றின்னு மனசுல சொல்லிண்டு சமாதானமாப் போங்கோ. கோர்ட்லயும் அதான் பண்றோம்."

போனேன். "சேப்பாக்கமாவும் இருக்கலாம் மாமா" என்றேன். மாமா கண்ணாடிக்கு மேலே பார்த்து, "இருக்கலாமாவது, இருந்தது" என்றார். "இருந்தது" என்றேன். மோட்டார் உறுமியது.

இப்போது குளித்து, தொட்டி நிரம்பி, இரண்டு பக்கெட்டும் பிடித்து வைத்தாயிற்று. ஆகவே வாசகர்களுக்குத் தெரிவிக்கிறேன்: 413 அடித்தது கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில்தான்.